கம்பைலர் 'நகலெடுக்கலாம்' என்றது, எனக்கு 3,400 மலேசிய வெள்ளி போனது

சி++ என்ற நிரல் மொழியில் எழுதிப் பிழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், பக்கத்து மேசையில் கேட்க ஆளில்லாமல் வீட்டிலிருந்தே குத்தகை வேலை பார்க்கிறவர்களுக்காக. ஒரு டைப்பை (தரவின் வகையை) நகலெடுக்க முடியுமா என்று நிரல் ஓடுவதற்கு முன்பே, அது இயந்திர மொழிக்கு மாறும்போதே, அதாவது கம்பைல் ஆகும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள மொழியில் ஒரு வசதி இருக்கிறது. சி++ மொழியின் 2011 தரத்தோடு (ஸ்டாண்டர்டோடு) வந்தது. பெயர் இஸ் காப்பி கன்ஸ்ட்ரக்டிபிள். கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். சிக்கல் என்னவென்றால், சில டைப்புகளுக்கு அது ஆம் என்று சொல்லும். அதை நம்பி நகலெடுக்கப் போனால் அதே கம்பைலர் திரை நிறைய வசைபாடும். கம்பைலரைக் குறை சொல்ல முடியாது, மொழியின் விதியே அப்படி. தெரிந்தவர்களுக்கு இது பழைய செய்தி. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானாக முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் பணமும் போய், தூக்கமும் போய், வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததுதான் மிச்சம்.

நான் இருப்பது மலேசியாவில், பட்டர்வொர்த், பாகான் டாலாம் பக்கம். வேலை வருவது பெரும்பாலும் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸிலிருந்து. 1972-இல் அங்கே ஃப்ரீ டிரேட் ஸோன் வந்த நாளிலிருந்து, பினாங்கில் வீட்டுக்கு ஒருவராவது சிப்பு ஃபேக்டரி வாசலைப் பார்த்திருப்பார்கள். என் அம்மாவும் அங்கே ஆபரேட்டராக இருந்தவர்தான். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் பிணைக்கிற வேலை. அந்தக் கம்பியின் விட்டம் வழக்கமாக 25 மைக்ரான். இன்றைக்கு அதை இயந்திரம் பிணைக்கிறது. பிணைத்தது சரியா என்று கேமரா வைத்த இன்னொரு இயந்திரம் பார்க்கிறது. அந்த இரண்டாவது இயந்திரத்தைச் செய்து விற்கிற ஒரு சின்ன கம்பெனிக்கு, படங்களை வாங்கி அலசி முடிவு சொல்கிற லைப்ரரியை (மற்ற நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்துகிற நிரல் தொகுப்பை) எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். மூன்று தவணைப் பணம். இரண்டாவது தவணை 6,000 வெள்ளி, அவர்களுடைய விண்டோஸ் இயந்திரத்தில் லைப்ரரி பில்ட் ஆகி ஓடினால் கிடைக்கும். நான் எழுதுவது லினக்ஸில், ஜிசிசி கம்பைலரில். இந்த இடத்திலேயே ஒரு சிவப்புக் கொடி பறக்கிறது, பிறகு வருகிறேன்.

கேமரா 12 மெகாபிக்சல், கறுப்பு வெள்ளை. ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் என்றால் ஒரு படம் 12 எம்பி. ஒவ்வொரு சிப்பையும் நான்கு வித வெளிச்சத்தில் படம் எடுப்பார்கள், ஆக ஒரு சிப்புக்கு 48 எம்பி. நொடிக்குப் பத்து சிப்பு போகிற லைனில் இதைத் தெரியாமல் ஒரு தடவை நகலெடுத்தால்கூட நொடிக்கு 480 எம்பி வீண். அதனால் படங்களை யூனிக் பாயிண்டரில் வைத்தேன். ஒருவர் கையில்தான் படம் இருக்கும். தேவைப்பட்டால் கைமாற்றலாம், நகலெடுக்க முடியாது. நான்கு படங்களையும் ஒரு வெக்டரில் (நீண்டுகொண்டே போகக் கூடிய பட்டியலில்) போட்டு, சிப்பின் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்ற மாஸ்க் படங்களை ஒரு மேப்பில் (பெயரைச் சொன்னால் பொருளைத் தருகிற பட்டியலில்) போட்டு, எல்லாவற்றையும் ஒரு ஸ்டிரக்டில் (பல உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய டைப்பில்) சேர்த்தேன். இதுவரை யாரும் குறை சொல்ல முடியாத வடிவமைப்பு.

இரண்டு த்ரெட்டுகளுக்கு (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகளுக்கு) நடுவே ஒரு வரிசை வேண்டும். சிப்பு தேறியதா, கம்பி எங்கே விலகியிருக்கிறது என்பது மாதிரியான சின்னத் தரவு அந்த வரிசை வழியாகப் போகும்; பெரிய படத் தொகுப்பும் போகும். சின்னதை நகலெடுத்து ஒன்றைத் திரைக்கும் ஒன்றைப் பதிவுக்கும் அனுப்பலாம். பெரியதைக் கைமாற்றத்தான் வேண்டும். இரண்டுக்கும் ஒரே டெம்பிளேட் (எந்த டைப்புக்கும் பொருந்துகிற அச்சு) எழுதினேன். உள்ளே இஃப் கான்ஸ்டெக்ஸ்பர் போட்டு, டைப் நகலெடுக்கக் கூடியதாக இருந்தால் இந்தக் கிளை, இல்லாவிட்டால் அந்தக் கிளை. 2017 தரத்தில் வந்த இந்த வசதி எடுக்காத கிளையைக் கம்பைல்கூடச் செய்யாது. எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. படத் தொகுப்பை அதில் போட்டேன், கம்பைலர் வெடித்தது.

வெடித்தது என் கோப்பில் இல்லை. சி++ மொழியோடு வருகிற ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஹெடர் கோப்புக்குள் ஆழத்தில் எங்கேயோ, வெக்டரின் உறுப்புகளை நகலெடுக்கிற இடத்தில். நீக்கப்பட்ட ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறாய் என்றது ஜிசிசி. நான் நகலெடுக்கவே இல்லையே, நகலெடுக்க முடியாது என்றால் அடுத்த கிளைக்குத்தானே போக வேண்டும் என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜிசிசி பதிப்பு பழசோ என்று புதிதாகப் போட்டுப் பார்த்தேன். இஃப் கான்ஸ்டெக்ஸ்பரைத் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று அதை எடுத்துவிட்டுப் பழைய முறையில் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் தனியாக வேலை பார்ப்பது கொடுமை. பக்கத்தில் ஒருவர் இருந்தால் "என்னடா இது" என்று கேட்டுக்கொண்டே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். தனியாக இருந்தால் நமக்குத்தான் மூளை மழுங்கிவிட்டதோ என்ற சந்தேகம் இரவு இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பிழைச் செய்தியைப் படிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். இது தெரியாமல்தான் முதல் சில நாட்கள் வீணாகின. மேலிருந்து கீழாகப் படிக்காதீர்கள். ஜிசிசி அந்தக் குவியலுக்குள் 'ரிக்வயர்ட் ஃப்ரம் ஹியர்' என்று ஒரு வரி போடும், உங்கள் சொந்தக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் அதில் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். எனக்கு அந்த வரி காட்டியது நகலெடுக்கும் கிளையை. அதாவது கம்பைலர் என் படத் தொகுப்பை நகலெடுக்கலாம் என்று முடிவு செய்துதான் அந்தக் கிளைக்குள்ளேயே போயிருக்கிறது. அப்போதுதான் கேள்வி சரியான இடத்துக்கு வந்தது.

பெரிய நிரலை மூடி வைத்துவிட்டு ஒரு சின்னக் கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு டைப்புக்கும் ஒரு ஸ்டாட்டிக் அசர்ட் (கம்பைல் ஆகும்போதே சரிபார்க்கிற வரி). யூனிக் பாயிண்டரை நகலெடுக்கலாமா? இல்லை. யூனிக் பாயிண்டர் ஒன்றை உள்ளே வைத்த ஸ்டிரக்டை? இல்லை. யூனிக் பாயிண்டர் உள்ள பேரை (இரண்டு மதிப்புகளின் ஜோடியை)? இல்லை. ஆப்ஷனலை (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற டைப்பை)? இல்லை. எல்லாம் சரியான பதில். யூனிக் பாயிண்டர்களின் வெக்டரை நகலெடுக்கலாமா என்று கேட்டேன். ஆம் என்றது. மேப்? ஆம். லிஸ்ட்? ஆம். டெக் (இரு முனையிலும் சேர்க்கக் கூடிய பட்டியல்)? ஆம். அந்த வெக்டரை உள்ளே வைத்த என் ஸ்டிரக்ட்? அதற்கும் ஆம். நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம்தான் வந்தது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே இருக்கிற ஒன்று பொய் சொல்கிறது என்றால் எதை நம்புவது?

காரணம் தெரிந்தபோது கோபம் பாதி தணிந்தது. அந்தக் கேள்வி பார்ப்பது அறிவிப்பை மட்டும்தான். நாசி கண்டார் (சோறும் கறியும்) கடை வாசல் பலகையில் 'கணவாய்க் கறி உண்டு' என்று எழுதியிருந்தால் உண்டு என்று சொல்லிவிடும், உள்ளே போய்ச் சட்டியைத் திறந்து பார்க்காது. வெக்டர் தனக்கு நகல் கன்ஸ்ட்ரக்டர் (நகலை உருவாக்குகிற ஃபங்ஷன்) உண்டு என்று எந்த நிபந்தனையும் இல்லாமல் அறிவித்திருக்கிறது, உள்ளே இருக்கும் உறுப்பு எதுவாக இருந்தாலும் சரி. அந்தக் கன்ஸ்ட்ரக்டரின் உடலை யாராவது உண்மையிலேயே பயன்படுத்தும்போதுதான் கம்பைலர் உருவாக்கிப் பார்க்கும். பார்த்த பிறகு 'ஐயோ, உறுப்பை நகலெடுக்க முடியாதே' என்று தெரியும்போது பின்வாங்க வழியில்லை, நேராகப் பிழைதான். என் ஸ்டிரக்டுக்கும் இதே கதைதான். அதற்கு நான் எதுவும் எழுதாததால் கம்பைலரே ஒரு நகல் கன்ஸ்ட்ரக்டரைத் தருகிறது. தருவதற்கு முன் உறுப்புகளைப் பார்க்கிறது. வெக்டர் 'எனக்கு உண்டு' என்கிறது. சரி, ஸ்டிரக்டுக்கும் உண்டு. ஆப்ஷனலும் பேரும் ஒழுங்காகச் சொன்னதற்குக் காரணம், அவை உள்ளே இருப்பதைப் பொறுத்து நகலெடுக்கும் வசதியை நீக்கிக்கொள்கிற மாதிரி எழுதப்பட்டவை.

வெக்டரையும் அப்படி எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு மரத்தை யோசியுங்கள்: நோட் என்ற ஸ்டிரக்ட், அதற்குள் பிள்ளைகளாக நோட்களின் வெக்டர். 2017 தரம் முதல் இப்படி எழுத அதிகாரபூர்வமாகவே அனுமதி உண்டு. இங்கே நோட்டை நகலெடுக்கலாமா என்று கேட்டால், வெக்டரை நகலெடுக்கலாமா என்று பார்க்க வேண்டும். வெக்டரைக் கேட்டால் அது நோட்டைக் கேட்கும். நோட்டோ இன்னும் முழுதாக வரையறுக்கப்படவே இல்லை. நிபந்தனை போட்டால் இந்தச் சுற்றில் மாட்டிக்கொள்ளும். 2020 தரத்தில் காப்பியபிள் என்று ஒரு கான்செப்ட் (டைப்புக்கு நிபந்தனை போடுகிற வசதி) வந்ததே, அது சரியாகச் சொல்லுமா என்றும் பார்த்தேன். அதுவும் வாசல் பலகையைத்தான் படிக்கிறது.

அப்போதைக்கு வரிசைக்கு மட்டும் ஒரு வழி செய்தேன். 'இந்த டைப்பை நகலெடுக்காதே' என்று ஒரு சொந்தக் கொடி வைத்து, படத் தொகுப்புக்கு அதை உயர்த்திவிட்டேன். வரிசை கொடியைப் பார்த்துக் கைமாற்றியது, லினக்ஸில் எல்லாம் ஓடியது. அந்த வருடம் தைப்பூசம் சீனப் பெருநாளுக்கு முன்னால் வந்தது. வாடிக்கையாளர் ஃபேக்டரியில் லைன் நிற்பது சீனப் பெருநாள் விடுமுறையில்தான், அந்த இடைவெளியில்தான் புது மென்பொருளை ஏற்ற விடுவார்கள். அதற்குள் முடிக்க வேண்டும் என்று தைப்பூசத்தன்று நான் மேசையை விட்டு எழவில்லை. வீட்டுக்காரம்மாவும் மகளும் பெர்ரி ஏறித் தண்ணீர்மலைக்குப் போய்விட்டு வந்தார்கள். பால்குடம் எடுத்த மகள், திருநீறு கொண்டுவந்து கீபோர்டுக்கும் சேர்த்துப் பூசிவிட்டுப் போனாள். லைப்ரரியை அனுப்பிவைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அந்தக் கம்பெனியின் இஞ்சினியர் பெண் கூப்பிட்டாள். நம்ம பிள்ளைதான், ஊர் சுங்கை பட்டாணி. "அண்ணே, விண்டோஸ்ல பில்ட் ஆவல. சி2280ன்னு கொட்டுது. நாம எதையும் காப்பி பண்ணலையே?" என்றாள். "இல்லம்மா, எங்கயும் பண்ணல" என்றேன். "அப்புறம் ஏண்ணே டெலிட் பண்ண ஃபங்ஷனக் கூப்புடுறேன்னு சொல்லுது?" அந்த நேரம் என்னிடம் பதில் இல்லை. சி2280 என்பது விஷுவல் சி++ கம்பைலர் அதே குற்றச்சாட்டைச் சொல்கிற எண். வரிசைக்குக் கொடி வைத்தாகிவிட்டது, வேறெங்கே நகல்?

தேடியதில் இரண்டு இடம் அகப்பட்டது. முதலாவது, விண்டோஸில் லைப்ரரியை டிஎல்எல் (மற்ற நிரல்கள் ஓடும்போது ஏற்றிக்கொள்கிற கோப்பு) ஆகக் கொடுக்க, கிளாஸ் மீது (இங்கே என் ஸ்டிரக்ட் மீது) டிஎல்எல் எக்ஸ்போர்ட் என்று குறிக்க வேண்டும். அப்படிக் குறித்தவுடன் விஷுவல் சி++ அந்தக் கிளாஸின் எல்லா உறுப்பு ஃபங்ஷன்களையும் உருவாக்கி வெளியே வைக்கப் பார்க்கிறது. யாரும் கூப்பிடாத, நான் எழுதவே எழுதாத நகல் கன்ஸ்ட்ரக்டரும் அதில் அடக்கம். லினக்ஸில் யாரும் கூப்பிடாததால் உடல் உருவாகவில்லை, பிழையும் இல்லை. விண்டோஸில் கூப்பிடாமலே உருவானது, உடைந்தது.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது, எனக்கு இதுதான் பிடித்த இடம். படத் தொகுப்புகளை ஒரு வெக்டரில் சேர்த்துக்கொண்டே போகிறேன். வெக்டர் நிறைந்தால் பெரிய இடம் எடுத்து, பழையவற்றை அங்கே மாற்ற வேண்டும். மாற்றுகிற நடுவழியில் எக்செப்ஷன் (ஓடும்போது எழுகிற பிழை) வந்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடிய வேண்டும் என்பது விதி. அதனால் வெக்டர் கேட்கும்: இந்த டைப்பை நகர்த்தும்போது, அதாவது கைமாற்றும்போது, எக்செப்ஷன் வரவே வராது என்று உறுதி உண்டா? உண்டென்றால் நகர்த்தும். இல்லையென்றால், நகலெடுக்க முடியுமா என்று கேட்கும். முடியும் என்றால் நகலெடுக்கும். ஜிசிசியின் மேப் நகரும்போது எக்செப்ஷன் எறியாது என்று அறிவித்திருக்கிறது. விஷுவல் சி++ மேப் தன் தலை நோடை ஹீப்பில் (ஓடும்போது கேட்டு வாங்குகிற நினைவகத்தில்) வைத்திருப்பதால், நகர்த்தும்போது புதிதாக ஒன்று ஒதுக்க வேண்டியிருக்கிறது, ஒதுக்கீடு தோற்கலாம், அதனால் அந்த உறுதியைத் தரவில்லை. தரம் இரண்டையும் அனுமதிக்கிறது. என் ஸ்டிரக்டுக்குள் மேப் இருந்ததால் விண்டோஸில் உறுதி போயிற்று. அடுத்த கேள்வி, நகலெடுக்கலாமா? வாசல் பலகை ஆம் என்றது. நகலெடுக்கப் போய் விழுந்தது. ரிசர்வ் போட்டு முன்கூட்டியே இடம் ஒதுக்கினால் தப்பிக்கலாமோ என்று பார்த்தேன். இடம் போதுமா போதாதா என்பது ஓடும்போது தெரிகிற விஷயம், கம்பைல் ஆகும்போது இரண்டு வழிக்கும் நிரல் உருவாகியே தீரும். ஜிசிசிக்காரர்களும் சிரிக்க வேண்டாம். அங்கே டெக்குக்கு இதே வியாதி உண்டு.

மருந்து ஒரே ஒரு காரியம்தான். ஸ்டிரக்டிலேயே நகல் கன்ஸ்ட்ரக்டரையும் நகல் அசைன்மென்டையும் (ஏற்கெனவே உள்ள ஒன்றின் மேல் நகலை எழுதுகிற ஃபங்ஷனையும்) '= டெலீட்' என்று நானே எழுதியது. அவ்வளவுதான். எழுதியவுடன் கேள்விக்கு 'இல்லை' என்ற சரியான பதில் வந்தது. வரிசை தானாகக் கைமாற்றும் கிளைக்குப் போனது, என் கொடியைப் பிடுங்கி எறிந்தேன். டிஎல்எல் எக்ஸ்போர்ட் நகல் கன்ஸ்ட்ரக்டரை உருவாக்க முயலவில்லை. வெக்டரும், நகர்த்துவதற்கு உறுதி இல்லை, நகலெடுக்கவும் வழியில்லை என்று தெரிந்து நகர்த்திக்கொண்டது. அப்படித்தான் அதன் விதி. பாதுகாப்பு உறுதி கொஞ்சம் குறைகிறது, என் வேலைக்கு அது பரவாயில்லை.

'டெலீட்' எழுதும்போது கூடவே வருகிற மூன்று தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். நகலை நீங்கள் அறிவித்துவிட்டால் மூவ் கன்ஸ்ட்ரக்டரை (நகர்த்துகிற ஃபங்ஷனை) கம்பைலர் தானாகத் தராது; மூவ் கன்ஸ்ட்ரக்டர், மூவ் அசைன்மென்ட் இரண்டையும் '= டிஃபால்ட்' என்று எழுதுங்கள். ஒன்றும் இல்லாமல் உருவாக்குகிற டிஃபால்ட் கன்ஸ்ட்ரக்டரும் போய்விடும், அதையும் எழுதுங்கள். மூன்றாவது, நெளிவு அடைப்புக்குள் மதிப்புகளை வரிசையாகப் போட்டு ஸ்டிரக்டை நிரப்புகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், 2017 தரத்தில் அது இன்னமும் வேலை செய்யும், 2020 தரத்துக்கு மாறினால் செய்யாது. கன்ஸ்ட்ரக்டர் அறிவித்த எதையும் அந்தத் தரம் அந்த வகையில் சேர்ப்பதில்லை. தரத்தை உயர்த்துகிற அன்றைக்கு யாராவது தலையில் கை வைத்து உட்காருவார்கள், அது நீங்களாக இருக்க வேண்டாம். அப்புறம், ஸ்டாட்டிக் அசர்ட்டை ஸ்டிரக்டின் மூடும் அடைப்புக்கு வெளியே, அடுத்த வரியில் போடுங்கள். உள்ளே போட்டால் ஸ்டிரக்ட் அந்த இடத்தில் முழுமை அடைந்திருக்காது, கேள்வியே செல்லாது.

பணக் கணக்குக்கு வருகிறேன். சரி செய்து அனுப்புவதற்குள் சீனப் பெருநாள் இடைவெளி போய்விட்டது. ஒப்பந்தத்தில் தாமதத்துக்குப் பிடித்தம் என்று ஒரு வரி இருந்தது, 6,000-இல் 900 வெள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் கூலிமில் இன்னொருவர் 2,500 வெள்ளிக்கு ஒரு சின்ன வேலை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிடித்தத்தைப் பற்றிப் பேசப் போனபோது முதலாளி மரியாதையாகத்தான் பேசினார், கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தார், வெள்ளியை மட்டும் திருப்பித் தரவில்லை. திரும்பிப் பாலத்தில் வரும்போது அழுகையா கோபமா என்று பிரிக்க முடியாத ஒன்று தொண்டையில் நின்றது. அன்றிலிருந்து விலைப்புள்ளியில் இரண்டு வரி சேர்க்கிறேன்: எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்பது, அந்தக் கம்பைலர் உள்ள இயந்திரத்துக்கு முதல் வாரத்திலேயே எனக்கு வழி வேண்டும் என்பது. வழி தராவிட்டால் தாமதப் பிடித்தம் செல்லாது. யாரும் இதுவரை மறுக்கவில்லை. விஷுவல் ஸ்டூடியோவின் கம்யூனிட்டி பதிப்பு தனி ஆட்களுக்கு இலவசம். பழைய மடிக்கணினி ஒன்றில் அதைப் போட்டு மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சின்னச் சந்தேகங்களுக்குக் கம்பைலர் எக்ஸ்புளோரர் தளம் போதும், ஜிசிசி, கிளாங், விஷுவல் சி++ மூன்றிலும் ஒரே துண்டை ஓட்டிப் பார்க்கலாம். வாடிக்கையாளரின் நிரலை அங்கே ஒட்டாதீர்கள், மாதிரிக்கு நாலு வரி எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது தவணைக்கு, டெஸ்ட் இஞ்சினியர்கள் பைத்தானிலிருந்து லைப்ரரியைக் கூப்பிட வேண்டும் என்றார்கள். சி++ நிரலைப் பைத்தானோடு இணைக்கிற பைபைண்ட்11 எடுத்தேன். அதன் ஹெடரைப் புரட்டும்போது சிரிப்பு வந்தது. அவர்களும் இதே குழியைப் பார்த்திருக்கிறார்கள். மொழி தருகிற கேள்வியை அப்படியே நம்பாமல் சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறார்கள்: டைப் ஒரு கண்டெய்னர் (வெக்டர், மேப் போலப் பலவற்றை உள்ளே வைக்கிற டைப்) மாதிரி தெரிந்தால், உள்ளே இருக்கும் வேல்யூ டைப்பையும் நகலெடுக்கலாமா என்று இறங்கிக் கேட்கும். வெக்டருக்குள் வெக்டர் என்றால் அதற்குள்ளும் இறங்கும். மேப் என்றால் அதன் வேல்யூ டைப் ஒரு பேர். பேர் என்றால் அதன் இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகக் கேட்கும். உங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டுமென்றால் சொந்தப் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் கேள்வியையே உங்கள் டைப்புக்காக ஸ்பெஷலைஸ் செய்து பதிலை மாற்றுவது தரத்தில் தடை செய்யப்பட்டது. எழுதினால் கம்பைல் ஆகலாம், ஆனால் அதற்குப் பிறகு எதற்கும் உத்தரவாதம் கிடையாது. இந்த இறங்கிக் கேட்கிற முறைக்கும் ஒரு எல்லை உண்டு. கண்டெய்னருக்குள் இறங்க முடியும், வெக்டரை உறுப்பாக ஒளித்து வைத்திருக்கிற ஸ்டிரக்டுக்குள் இறங்க முடியாது. உறுப்புகளை எட்டிப் பார்க்கிற ரிஃப்ளெக்‌ஷன் 2026 தரத்தில்தான் வருகிறது. ஆக, ஸ்டிரக்டுக்கு '= டெலீட்' தவிர வேறு கதி இல்லை.

பக்கத்திலேயே இருக்கிற வேறு சில பள்ளங்களையும் போகிற போக்கில் காட்டிவிடுகிறேன். நகலெடுக்கலாம் என்பதும், மெம்காப்பி போட்டு பைட் பைட்டாக நகலெடுக்கலாம் என்பதும் வேறு வேறு. இரண்டாவதற்கு இஸ் டிரிவியலி காப்பியபிள் என்று தனிக் கேள்வி. ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) நகலெடுக்கலாம், மெம்காப்பி கூடாது. இரண்டு முழு எண்கள் கொண்ட பேர்கூட இன்றைய முக்கிய லைப்ரரிகளில் அந்தக் கேள்வியில் தேறுவதில்லை, அதன் அசைன்மென்ட் சொந்தமாக எழுதப்பட்டது என்பதால். மாறாக, வெறும் பாயிண்டர் வைத்த ஸ்டிரக்ட் தேறிவிடும், பகிர்ந்த நினைவகத்துக்கு அனுப்பினால் அந்தப் பக்கத்தில் அந்த முகவரிக்கு அர்த்தமே இருக்காது. கான்ஸ்ட் (மாற்ற முடியாத) உறுப்பு வைத்தால் நகலாக உருவாக்கலாம், அசைன் செய்ய முடியாது; அதற்குத் தனிக் கேள்வி கேளுங்கள். ஸ்டாண்டர்ட் ஃபங்ஷன் என்ற உறைக்குள் யூனிக் பாயிண்டர் பிடித்த லேம்டாவை (பெயரில்லாத ஃபங்ஷனை) போட முடியாது, அது நகலெடுக்கக் கூடியதைத்தான் ஏற்கும். அதற்கென்றே 2023 தரத்தில் மூவ் ஒன்லி ஃபங்ஷன் வந்திருக்கிறது.

இப்போது என் பழக்கம் இது. 'இல்லை' என்ற பதிலை நம்புகிறேன். 'ஆம்' என்ற பதிலை நம்புவதில்லை. நகலெடுக்கக் கூடாத ஒவ்வொரு டைப்புக்கும் ஹெடரிலேயே '= டெலீட்', கீழே ஒரு ஸ்டாட்டிக் அசர்ட். நகலெடுக்கலாம் என்று நான் வாக்குக் கொடுக்கிற டைப்புகளுக்குத் தனியாக ஒரு சோதனைக் கோப்பு. அதில் ஒவ்வொரு டைப்புக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன்: கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்கி, மதிப்பாகத் திருப்பிக் கொடுக்கும், வேறு ஒன்றும் செய்யாது. அதைக் கம்பைல் செய்யும்போது நகல் கன்ஸ்ட்ரக்டரின் உடல் உண்மையிலேயே உருவாகும், பொய் இருந்தால் அங்கேயே வெளியே வரும். இரண்டு கம்பைலரிலும் ஒவ்வொரு இரவும் அந்தக் கோப்பு பில்ட் ஆகிறது. இதைப் பார்த்து நீங்களும் எழுதுவதாக இருந்தால், தட்டச்சு மிச்சம் என்று அந்த ஃபங்ஷனை ஒரே டெம்பிளேட்டாக எழுதிவிடாதீர்கள். யாரும் கூப்பிடாத டெம்பிளேட்டின் உடலைக் கம்பைலர் உருவாக்குவதில்லை. சோதனை எதையுமே பார்க்காமல் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும்.